விமானத் தொழிலாளியின் பதிவேடு

மலைநாட்டுத் தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு அகராதிகள் கூறாத பொருளொன்று உண்டு. ஒரு நாள் வேலையை அது குறிக்கும். செக்ரோலில் அன்றைய தேதிக்கு நேரே குறி விழுந்தால் ஒரு பேர். பறித்த கொழுந்து நிர்ணயித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர். குறியே விழாதுபோனால், விடியற்காலையிற் பெரட்டுக்களத்துக்கு வந்து, பனியிலும் மழையிலும் மலையேறி இறங்கியவராயினும், அவர் அன்று வேலை செய்தவராகக் கொள்ளப்படார். உழைப்பு ஒன்று, உழைப்பின் பதிவு வேறொன்று என்பதை நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பகுதி மக்களுக்கு எவரும் விளக்கிக்கூற வேண்டியதில்லை.

அந்தப் பதிவு பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்ததில்லை. பழைய நாளில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பியவர் ‘துண்டு’ பெறவேண்டியிருந்தது. இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இவரை விடுவிக்கலாம் என்று கூறிய கடதாசி அது. தொழிலாளியின் கடனைச் சொல்லிற்றேயன்றி, அவருடைய கைத்திறனைச் சொல்வது அதன் நோக்கமன்று. 1921ஆம் ஆண்டிற் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. பின்னர், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதலாம் தேதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை எண்பிக்குமாறு அச்சட்டம் கேட்டது. ஏறக்குறைய 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பிரசாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. மறுக்கப்பட்டோரிற் பலர் இங்கே வாழ்ந்தவர்கள்தாம். வாழ்ந்ததைக் காட்டும் ஏடுதான் அவர்களிடம் இருக்கவில்லை. அந்தக் கணக்கு முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது.

இந்த வரலாற்றை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. லயங்களிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தேயிலையை விட்டுப் பல தொழில்களை நாடுகின்றனர். அவற்றுள் ஆகாய விமானங்களைப் பராமரிக்கும் தொழில் ஒன்று. அத்தொழிலில் உயர்வுக்குரிய வாயில் ஒரு அநுமதிப்பத்திரம். அதனைப் பெறப் பரீட்சைகளிற் சித்தியடைந்தால் மட்டும் போதாது. செய்த வேலையை எழுத்தில் எண்பிக்கவேண்டும். ஆனால் தோட்டத்துச் செக்ரோலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்றிருக்கிறது. செக்ரோலை எழுதுபவர் கணக்கப்பிள்ளை. விமானத் தொழிலாளியின் பதிவேட்டை எழுதுபவர் அத்தொழிலாளியே.

மலைநாட்டுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். ஹற்றனுக்கு அருகேயுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்திலே மிதவை விமானங்கள் வந்திறங்கியதுண்டு. துயரமான தொடர்பும் உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவை நோக்கி வந்த டி.சி.8 விமானமொன்று மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அவ்விமானத்தின் சக்கரத் தயரொன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவுப் பொருளாக வைக்கப்பட்டது. அவ்விபத்து பராமரிப்புக் குறையினால் நேர்ந்ததன்று; விமானம் எவ்விடத்தில் உள்ளது என்பதை அதனைச் செலுத்தியோர் தவறாகக் கணித்ததே காரணம். எனினும், ஒரு விமானத்தை நம்பி எத்தனை உயிர்கள் ஏறுகின்றன என்பதை அம்மலையடிவாரத்து மக்கள் நூலிற் படித்து அறியவேண்டிய நிலையில் இல்லை.

இனி, சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1944ஆம் ஆண்டு சிக்காகோ நகரிற் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியிற் பிறந்தது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம். இலங்கை 1948 முதல் அவ்வுடன்படிக்கைக்கு உட்பட்ட நாடு. அதன் முதலாவது இணைப்பு, விமானத் தொழிலிலுள்ளோரின் அநுமதிப்பத்திரங்களைப் பற்றியது. பராமரிப்பு அநுமதிப்பத்திரம் பெறுவோர் 18 வயதுக்குக் குறையாதவராயிருத்தல் வேண்டும். விமானம் முழுவதற்குமான உரிமை வேண்டின், 4 ஆண்டுப் பராமரிப்பு அநுபவம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்திருந்தால் 2 ஆண்டு போதும். இது எல்லா நாடுகளுக்கும் உரிய கீழெல்லை. ஐரோப்பிய விதிகள் இன்னும் இறுக்கமானவை. பெரிய ஜெட் விமானங்களின் உடலையும் இயந்திரத்தையும் பராமரிக்கும் பிரிவுக்கு, தொழிற்பயிற்சி எதுவும் இல்லாதவருக்கு 5 ஆண்டு. ஏற்புடைய கைத்தொழிற் பயிற்சி பெற்றவருக்கு 3 ஆண்டு. அங்கீகாரம் பெற்ற விமானப் பயிற்சிக் கல்லூரியிற் கற்றவருக்கு 2 ஆண்டு. அந்த அநுபவம் விண்ணப்பத்துக்கு முந்திய 10 ஆண்டுகளுக்குள் பெற்றதாக இருக்கவேண்டும். அதில் ஓராண்டாவது அண்மைக்காலத்ததாக இருக்கவேண்டும். இலங்கையில் இவ்வநுமதிப்பத்திரத்தை வழங்குவது சிவில் விமானசேவைகள் அதிகாரசபை. விண்ணப்பிப்பவர் அச்சபையின் அந்நேரத்து விதிகளை நேரிற் கேட்டறிவது நல்லது, விதிகள் திருத்தப்படுவதுண்டு.

ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கண்டு பலர் ஏமாறுகின்றனர். 5 ஆண்டு விமானக் கொட்டகையில் வேலை செய்துவிட்டோம், சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன, இனி என்ன குறை என்று எண்ணுகின்றனர். சம்பளச் சீட்டு ஒருவர் அங்கிருந்தார் என்பதைக் காட்டும். என்ன செய்தார் என்பதைக் காட்டாது. விதி கேட்பது பலதிறப்பட்ட வேலைகளில் ஈடுபட்ட அநுபவம். ஐந்தாண்டும் சக்கரங்களை மட்டுமே கழற்றிப் பூட்டியவர் சக்கரத்தில் மன்னராகலாம். ஆனால் எரிபொருட் குழாயையும், சுக்கானை அசைக்கும் தண்டுகளையும், மின்னாக்கியையும் தொட்டறியாதவரை நம்பி முழு விமானத்தையும் ஒப்படைக்க முடியுமா? ஒன்றைப் பரிசோதித்தல், கழற்றிப் பூட்டுதல், பழுதின் காரணத்தைத் தேடுதல், பழுதுபார்த்தல், பூட்டியபின் இயக்கிச் சோதித்தல் என வேலையின் வகைகளும் வேறுபடவேண்டும்.

இதற்கு உதவுவதற்கென்றே அமைந்ததுபோல விமானத் தொழிலில் ஒரு எண்முறை உண்டு. 1956ஆம் ஆண்டு அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்தது அது. விமானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அத்தியாய எண். 24 மின்சாரம், 27 பறப்பைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள், 28 எரிபொருள், 29 நீரியல் அமுக்கம், 32 தரையிறங்கும் சக்கரத் தொகுதி, 72 இயந்திரம். விமானத்தைச் செய்தவர் எவராயினும் எண் மாறாது. தன் பதிவேட்டை மாதத்துக்கொருமுறை இந்த எண்களின்படி எண்ணிப் பார்க்கும் இளைஞன், எந்த அத்தியாயத்தில் தன் பக்கம் வெறுமையாக இருக்கிறதென்பதைத் தானே கண்டுகொள்வான். அப்பொழுது மேற்பார்வையாளரிடம் சென்று, அடுத்த முறை எரிபொருட் தாங்கி திறக்கப்படும்போது தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கலாம். கேட்பவனுக்கே அத்தகைய வேலை கிடைக்கிறது. ஐந்தாம் ஆண்டின் இறுதியில் வெறும் பக்கத்தைக் கண்டு வருந்துவதாற் பயனில்லை.

ஒரு பதிவு எப்படியிருக்கவேண்டும்? ‘சக்கர வேலை, மூன்று மணி நேரம்’ என்று எழுதுவது பதிவன்று. தேதி, இடம், விமானத்தின் வகை, அதன் பதிவெழுத்து ஆகியன முதலில் வரவேண்டும். இலங்கை விமானமாயின் பதிவெழுத்து 4ஆர் என்று தொடங்கும். அடுத்து வேலைச் சீட்டின் எண். அதன்பின் அத்தியாய எண்ணும், எந்தக் கைந்நூலின் எந்தப் பகுதியைப் பார்த்து வேலை செய்யப்பட்டது என்ற குறிப்பும். பிறகுதான் வேலை: இடப்பக்கப் பிரதான சக்கரத்தின் பிரேக்கில் தேய்வு காட்டும் ஊசியை அளந்தது, அளவு எல்லைக்கு வந்துவிட்டமையாற் பிரேக்கைக் கழற்றியது, புதியதைப் பூட்டி, குறித்த முறுக்களவுக்கு ஆணிகளை இறுக்கியது, குழாயிற் புகுந்த காற்றை வெளியேற்றியது, கசிவு உண்டா என்று சோதித்தது. இவற்றுள் தான் செய்தது எது, பிறர் செய்யத் தான் துணைநின்றது எது என்பதைப் பிரித்து எழுதவேண்டும். ஈற்றில் மேற்பார்வை செய்தவரின் பெயர், அவருடைய அநுமதிப்பத்திர எண், கையொப்பம். இத்தனையும் ஐந்தாறு வரியில் அடங்கிவிடும். மாலைத் தேநீர் ஆறுமுன் எழுதிவிடலாம்.

கைந்நூலின் பகுதியைக் குறிக்கும் அந்தச் சிறு கட்டத்தைப் பலர் வெறும் சடங்கென்று எண்ணி விட்டுவிடுவர். 1990 ஜூன் 10ஆம் தேதி இங்கிலாந்தில் நிகழ்ந்த சம்பவத்தை அவர்கள் அறிந்திருப்பது நன்று. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயின் நாட்டின் மாலகா நகருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம், 17,000 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது, விமானியின் முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். உள்ளே இருந்தவர்கள் அவர் கால்களைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்ஹம்ப்டனில் விமானத்தை இறக்கினார். அதிசயமாக ஒருவரும் மாளவில்லை. புறப்படுவதற்கு 27 மணி நேரத்துக்கு முன்னர்தான் அக்கண்ணாடி மாற்றிப் பூட்டப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 ஆணிகளில் 84 ஆணிகள் விட்டத்தில் 0.66 மில்லிமீற்றர் சிறியவை. மாற்றிப் பூட்டியவர் புதியவரல்லர். அநுபவம் மிக்க, பொறுப்பு வாய்ந்த மேலாளர். பழைய ஆணியை எடுத்து, புதியதை அதனோடு கண்ணளவில் ஒப்பிட்டுத் தெரிந்தார். உதிரிப்பாகப் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால், சரியான எண் அங்கே அச்சிற் கிடந்தது. அநுபவம் கண்ணுக்கு அளிக்கும் துணிவே சில வேளைகளில் ஆபத்தாக முடிகிறது. எந்தப் பக்கத்தைப் பார்த்தேன் என்று ஒவ்வொரு நாளும் எழுதப் பழகியவனுக்கு, பார்க்காமல் எழுதக் கை கூசும். பதிவேடு விண்ணப்பத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கையொப்பம் என்பது மலைநாட்டு இளைஞருக்கு ஒரு தனி இடர். பெரியவர்களிடம் அடக்கத்தோடு நிற்கப் பழகியவர்கள் அவர்கள். கண்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் துரையிடமும் வாய் திறந்து கேட்கத் தயங்கிய தலைமுறைகளின் வழி வந்தவர்கள். விமானக் கொட்டகையில் நாள்முழுதும் திறமையாக வேலை செய்துவிட்டு, ‘சேர், இதில் ஒரு கையெழுத்து’ என்று கேட்க நாணி, புத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்புவோர் உண்டு. அந்த நாணத்தின் விலை பெரிது. கேட்பது உபகாரமன்று, கற்பவரின் வேலையைக் கண்டு சான்றுபகர்வது மூத்தவரின் தொழிற்கடமையில் ஒரு பகுதி. அதே நாளிலோ அவ்வாரத்துக்குள்ளோ கேட்டால் அவருக்கும் வேலை நினைவிலிருக்கும். ஓராண்டு கழித்து நூறு பக்கத்தை ஒன்றாக நீட்டினால், மனச்சாட்சியுள்ளவர் ஒப்பமிடத் தயங்குவார். ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே நாளில் எழுதப்பட்ட ஐந்தாண்டு வேலையைப் பரிசீலகரும் எளிதில் இனங்காண்பார்.

செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவதும் உலகில் நடக்கிறது. வேலைச் சீட்டிலுள்ள பெயரோடும் தேதியோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் அது அகப்பட்டுவிடும். அகப்பட்டவருக்கு அத்தொழிலில் மறுபடி இடம் கிடைப்பது கடினம். அகப்படாதவர் செய்யும் தீங்கோ அதனினும் கொடிது. தான் அறியாத உறுப்பைச் சரியென்று ஒப்பமிடும் உரிமையை அவர் பெற்றுவிடுகிறார்.

நிறுவனம் எல்லாவற்றையும் எழுதித்தானே வைக்கிறது, தனியே ஒரு புத்தகம் எதற்கு என்ற கேள்விக்கு விடை ஐரோப்பிய விதியிலேயே இருக்கிறது. பராமரிப்பு நிறுவனம் தன் வேலைப் பதிவுகளை 3 ஆண்டு காத்துவைத்தால் அவ்விதியின்படி போதுமானது. விண்ணப்பதாரிக்கு வேண்டியதோ 5 ஆண்டுக்குரிய சான்று. ஐந்தாம் ஆண்டில் முதலாம் ஆண்டின் வேலைச் சீட்டைத் தேடினால், அது எரிக்கப்பட்டிருக்கலாம். நிறுவனமே மறைந்துவிடுவதும் உண்டு. 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற்பறப்பை நடத்திய எயார் சிலோன், 1978இல் மூடப்பட்டது; எயார் லங்கா 1979இல் தொடங்கிற்று. அத்தகைய மாற்றங்களின்போது, தன் சான்றைத் தன் பெட்டியில் வைத்திருப்பவர் அடுத்த வாயிலைத் தட்டலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஏற்கெனவே வேலை செய்யும் இளைஞருக்கு ஒரு வார்த்தை. வாட்டும் தட்டுகளுக்குக் காற்றூதும் விசிறிகள், கொழுந்தை உருட்டும் உருளைகள், சிரோக்கோ முதலிய உலர்த்திகள், பொயிலர், மோட்டார் ஆகியவற்றோடு பழகிய கைகள் தாழ்ந்த கைகளல்ல. 1903ஆம் ஆண்டு ரைட் சகோதரரின் விமானத்துக்கு எஞ்சின் கடைந்து கொடுத்த சார்ள்ஸ் டெய்லர், அவர்களுடைய சைக்கிள் கடையின் தொழிலாளி. ஒழுங்கான வரைபடம்கூட இல்லாமல், கடதாசித் துண்டுகளிற் கீறிய உருவங்களைப் பார்த்து ஆறு வாரத்தில் அதனைச் செய்து முடித்தார். அந்நாளில் அது இயன்றது. இந்நாளில் தொழிற்சாலையின் பிட்டர் வேலை விமான அநுபவமாக எண்ணப்படாது. ஆயினும் கைத்தொழிலில் முறையான பயிற்சி பெற்றவர் என்று அதிகாரசபை ஏற்குமாயின், ஐரோப்பிய முறையில் 5 ஆண்டு 3 ஆண்டாகக் குறைகிறது. மனிதவாழ்வில் இரண்டு ஆண்டு சிறிதல்ல.

அந்த ஏற்பு கிடைக்கவும் சான்று வேண்டும். சான்றிதழ் இன்றி வேலை பழகியவர்களின் திறனைச் சோதித்து மதிப்பிடும் வழியொன்று இலங்கையின் தேசிய தொழிற்றகைமை முறையிலே உண்டு. ஏழு மட்டங்கள் கொண்ட அம்முறையில், முன்கற்றலை அங்கீகரித்தல் என்னும் பெயரால், ஒருவர் செய்த வேலைகளின் கோவையைப் பார்த்தும் செய்முறையிற் சோதித்தும் தகைமை வழங்குகின்றனர். இது விமான அநுமதிப்பத்திரத்துக்கு நேர்வழி என்று எவரும் நம்பிவிடக்கூடாது. அதை ஏற்பதா என்பதை அதிகாரசபையே தீர்மானிக்கும். ஆனால் பதினைந்து ஆண்டு உருளைகளைப் பழுதுபார்த்தும், ‘தோட்டத்தில் வேலை செய்தவர்’ என்ற ஒரே வரியைத் தவிர வேறெதுவும் காட்டமுடியாத நிலையை விட இது எவ்வளவோ மேல்.

விமானப்படையிற் சேர்ந்து தொழில் கற்போரும் உளர். அவ்வநுபவம் வீணன்று. ஐரோப்பிய விதி அதனை ஏற்று, அதன்மேல் சிவில் விமானங்களில் மேலதிக அநுபவமும் கேட்கிறது. படையை விட்டு நீங்குமுன் வேலை விவரங்களை உரிய அதிகாரியின் ஒப்பத்தோடு பெற்றுக்கொள்வது எளிது. நீங்கிய பின் கடினம்.

பதிவேட்டை எழுதும் மொழி ஆங்கிலம். விமானக் கைந்நூல்கள் பெரும்பாலும் அம்மொழியிலேயே இருக்கின்றன. அவற்றைப் படித்தறியும் ஆற்றல் அநுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளில் ஒன்று. தமிழ்மொழி மூலம் படித்த தோட்டப்பிள்ளைகள் இதைக் கேட்டு மனந்தளர்வதுண்டு. தளரவேண்டியதில்லை. கைந்நூல்களின் ஆங்கிலம் வேண்டுமென்றே சுருக்கி எளிதாக்கப்பட்டது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், சிறு வாக்கியங்கள், கட்டளை வினைகள். நாளொன்றுக்கு ஐந்து வரி பதிவேட்டில் எழுதுபவர் ஓராண்டில் அந்த ஆங்கிலத்தைக் கைவசமாக்கிவிடுவார். இலக்கிய ஆங்கிலம் பின்னர் வந்தாலும் வரட்டும்.

முதற்பக்கத்தை நிரப்புமுன் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாடசாலை இடாப்பில் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் ஒரே பிள்ளையின் பெயர் எழுதப்பட்டிருப்பது அரிதன்று. தமிழ்ப் பெயரைப் பிறமொழி எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய காலத்தின் எச்சம் அது. பரீட்சைச் சான்றிதழில் உள்ள பெயரும் பதிவேட்டின் பெயரும் வேறாயிருந்தால், ஐந்தாண்டு உழைத்தவர் நான்தான் என்று மறுபடியும் எண்பிக்கவேண்டி வரும். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிற் பெயரை முதலிலேயே திருத்திக்கொள்ளவேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போது புத்தகத்தை லயத்து அறையின் சுவரோரத்தில் வைத்துவிடவும் கூடாது. நுவரெலியாவின் ஈரம் இரண்டு மாதத்திற் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும், நீர் மை ஊறிப் பரவும். எழுதுவது நீரிற் கரையாத மையாக இருக்கட்டும். நிரம்பிய பக்கங்களை மாதந்தோறும் படி எடுத்து, ஒரு படி வேலைத்தலத்திலும், மற்றொன்று வீட்டில் நம்பிக்கைக்குரியவரிடமும் இருக்கட்டும்.